தோற்றவர் கையிலும் ஒரு நகல்

இன்றைய பயணம் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானாவுக்கு. தலைநகர் அக்ராவில் கடற்கரையை ஒட்டி குவாமே நிக்ருமா நினைவுப் பூங்கா இருக்கிறது. 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில் நாட்டின் விடுதலையை நிக்ருமா அறிவித்தது இந்த மைதானத்தில்தான். முன்னால் நிற்கும் பெரிய வெண்கலச் சிலையோடு திரும்பிவிடாமல் உள்ளே நடந்தால் தலையில்லாத இன்னொரு சிலையைக் காணலாம். 1966 பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தபோது கூட்டம் உடைத்துத் தள்ளிய சிலை அது. தலையை அருகே தனிப் பீடத்தில் வைத்திருக்கிறார்கள். உடைந்ததை ஒட்டவைக்காமல் அப்படியே காட்சிக்கு வைத்தது நல்ல முடிவு. ஏனென்றால் அடுத்த பதினைந்து ஆண்டுகள் முழுக்க இந்த நாட்டில் கவிழ்ப்புக் கதைதான். 1972-இல் ஒன்று, 1979-இல் ஒன்று, 1981 டிசம்பர் 31-இல் இன்னொன்று. 1979 ஜூனில் அக்ராவின் கிழக்கே தேஷியில் உள்ள துப்பாக்கிப் பயிற்சித் திடலில் நாட்டின் முன்னாள் ஆட்சித் தலைவர்கள் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நிக்ருமாவையும் நாம் புனிதராக்க வேண்டாம்; 1964-இல் ஒரே கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

இப்படிப்பட்ட நாடு 1992 அரசியல் சட்டத்துக்குப் பிறகு நான்காண்டுக்கு ஒருமுறை தவறாமல் தேர்தல் நடத்துகிறது. 2001, 2009, 2017, 2025 என நான்கு முறை ஆட்சி எதிர்க்கட்சியின் கைக்குப் போயிருக்கிறது. அண்டை நாடான டோகோவில் 1967 முதல் ஒரே குடும்பம் அதிகாரத்தில் இருக்கிறது. வடக்கே புர்கினா ஃபாசோவில் 2022-இல் மட்டும் இரண்டு ராணுவக் கவிழ்ப்புகள். மேற்கே கோட் டிவாரில் 2010 தேர்தலில் தோற்ற அதிபர் பதவியை விட மறுத்ததில் சுமார் மூவாயிரம் பேர் செத்தார்கள். கானா மட்டும் எப்படித் தப்பியது? கானா மக்கள் சாதுவானவர்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். தேஷித் திடலை அறிந்தவர்கள் அதை நம்பமாட்டார்கள். என் கணிப்பில் விடை வாக்கு எண்ணும் முறையில் இருக்கிறது. தோற்றவர் தாம் தோற்றதைத் தம் சொந்தக் கணக்கிலிருந்தே தெரிந்துகொள்ள வழி செய்திருக்கிறார்கள்.

ஒரு டிசம்பர் 7-ஆம் தேதி மாலையை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட முற்றத்தில் வாக்குச்சாவடி. வேட்பாளரின் படத்துக்கு எதிரே கட்டைவிரல் ரேகை பதித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டி எங்கும் போவதில்லை. அதே இடத்தில், ஊரார் சுற்றி நின்று பார்க்க, அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ணுகிறார். முடிவை ஒரு படிவத்தில் எழுதிக் கட்சி முகவர்கள் கையெழுத்திடுகிறார்கள், ஆளுக்கொரு நகல். நிறத்தை வைத்து இளஞ்சிவப்புத் தாள் என்றே அதற்குப் பெயர். தேர்தல் ஆணையம் முடிவை அறிவிப்பதற்கு முன்பே இரு பெரிய கட்சிகளின் அலுவலகங்களிலும் நாட்டின் கூட்டுத்தொகை ஏறக்குறைய தயாராகிவிடும். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய தனியார் பண்பலை வானொலிகளுக்கும் இதில் பங்குண்டு. சாவடி சாவடியாக முடிவுகளை அவை காற்றில் விட்டதால், நடுராத்திரியில் எண்ணை மாற்றுவது கடினமாயிற்று.

இந்த ஏற்பாடு அவநம்பிக்கையில் பிறந்தது. 1992 தேர்தலில் ராணுவ ஆட்சியாளர் ஜெர்ரி ராலிங்ஸ் வென்றபோது, முடிவு திருடப்பட்டது என்று எதிர்க்கட்சிகள் அடுத்து வந்த நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தன. அதன் பிறகுதான் எல்லாக் கட்சிகளும் தேர்தல் ஆணையத்தோடு உட்கார்ந்து பேசும் ஆலோசனைக் குழு 1994-இல் வந்தது. ஒளிபுகும் வாக்குப்பெட்டி 1996-இல் வந்தது. 2008-இல் ஜான் அட்டா மில்ஸ், நானா அகுஃபோ-அட்டோவை முந்தியது 40,000-க்குச் சற்றே கூடுதலான வாக்குகளில். நாடே பிளந்திருக்கலாம், பிளக்கவில்லை. 2012-இல் மீண்டும் தோற்ற அகுஃபோ-அட்டோ உச்ச நீதிமன்றம் போனார். பல மாதங்கள் நேரலையில் ஒளிபரப்பான அந்த வழக்கில் சாட்சியப் பொருள் பெட்டி பெட்டியாக வந்த இளஞ்சிவப்புத் தாள்களே. 2013 ஆகஸ்டில் மனு தள்ளுபடியானதும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். அடுத்த தேர்தலில் வென்றார். 2024-இல் ஆளுங்கட்சி வேட்பாளர் மஹமுது பவுமியா, வாக்குப்பதிவுக்கு மறுநாளே, ஆணையம் வாய் திறப்பதற்கு முன், தம் கட்சியின் சொந்தக் கணக்கைக் காட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பெருந்தன்மைதான். கையில் கணக்கு இல்லையென்றால் அந்தப் பெருந்தன்மைக்கு வாய்ப்பே வந்திருக்காது.

அங்கே எல்லாம் இனவாக்குதானே, அசாந்தி மாகாணம் ஒரு கட்சிக்கு, வோல்ட்டா மாகாணம் இன்னொன்றுக்கு, இதில் என்ன ஜனநாயகம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இரண்டு மாகாணங்களைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. ஆனால் அவை மட்டும் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. பழைய அடிமைக் கோட்டைகளைப் பார்க்கப் பயணிகள் போகிற கேப் கோஸ்ட் நகரம் மத்திய மாகாணத்தின் தலைநகர். அந்த மாகாணம் 2008, 2012, 2016, 2020, 2024 என ஒவ்வொரு தேர்தலிலும் வென்றவர் பக்கமே நின்றிருக்கிறது. கட்சி பார்த்து அல்ல, ஆட்சி பார்த்து. இரண்டாவது கேள்வி பாரம்பரியத் தலைவர்களைப் பற்றியது. வாக்கு வாங்காத அரசர்களுக்கு ஒரு குடியரசில் என்ன வேலை? குமாசி நகரின் மன்ஹியா அரண்மனையில் அசாந்தி மன்னர் இரண்டாம் ஓசெய் டுட்டு 1999 முதல் வீற்றிருக்கிறார். அரசியல் சட்டம் தலைமைப் பதவிகளைக் காப்பாற்றுகிறது. அதே சட்டம் தலைவர்கள் கட்சி அரசியலில் இறங்குவதைத் தடுக்கிறது. இந்தத் தடையால்தான் வடக்கே டக்போன் அரசுரிமைச் சண்டையில் அசாந்தி மன்னர் தலைமையிலான குழு சமரசம் பேச முடிந்தது. 2019-இல் அங்கே புதிய மன்னர் அமர்ந்தார்.

மூன்றாவது ஆட்சேபணைக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. வென்ற கட்சி எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறது என்பது அது. அமைச்சர்களில் பெரும்பான்மையோரை நாடாளுமன்றத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பது சட்டம். அமைச்சர் நாற்காலிக்கு ஆசைப்படும் உறுப்பினர் அதிபரை எப்படித் தட்டிக்கேட்பார்? 2020 தேர்தலில் இரு கட்சிகளும் 137-137 எனச் சமமாகி, ஒரு சுயேச்சை நடுவில் நின்றபோதுதான் சபைக்குச் சற்று முதுகெலும்பு வந்தது. அதன் முதல் இரவிலேயே சபாநாயகர் தேர்தலில் வாக்குச்சீட்டைப் பறித்துக்கொண்டு ஓடிய உறுப்பினரையும், அவைக்குள் நுழைந்த ராணுவ வீரர்களையும் நாடு பார்த்தது. 2020 பொதுத் தேர்தலில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. 2022 டிசம்பரில் அரசு வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. மறு ஆண்டு சர்வதேச நாணய நிதியத்திடம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் பெற்றது. 2024 தேர்தலில் வாக்காளர்கள் தண்டித்தார்கள். கடன் ஏறிய ஆண்டுகளில் கையைப் பிடித்துத் தடுக்கச் சபையால் முடியவில்லை. ஆக, ஆட்சியை மாற்றும் வித்தை கானாவுக்குக் கைவந்திருக்கிறது. ஆட்சியில் இருப்பவரைக் கட்டுப்படுத்தும் வித்தை வரவில்லை. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது என்பதால் நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை.

அந்தக் குறை கீழ்மட்டத்தில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. மாவட்ட மன்றத்தில் பத்தில் மூன்று பங்கு உறுப்பினர்களை நியமிப்பது அதிபர். மாவட்ட நிர்வாகத் தலைவரை முன்மொழிபவரும் அவரே; மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்பது மட்டுமே தடுப்பு. உள்ளாட்சித் தேர்தலில் கட்சிகள் நேரடியாக நிற்கவும் தடை உண்டு. அந்தத் தடையை நீக்க 2019 டிசம்பரில் பொது வாக்கெடுப்பு நடக்கவிருந்தது. வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது வந்து, வந்தவர்களில் 75 சதவீதம் பேர் ஆம் என்று சொல்ல வேண்டும். எதிர்க்கட்சி 'வேண்டாம்' என்று பிரசாரம் செய்தது. பாரம்பரியத் தலைவர்களின் அவையும் எதிர்த்தது. ஒருமித்த கருத்து இல்லை என்று சொல்லி அதிபர் அகுஃபோ-அட்டோ வாக்கெடுப்பையே கைவிட்டார். பதவியில் இருந்த அதிபரையே வாக்குப் போட்டு ஒரு முறை வீட்டுக்கு அனுப்பிய கானா வாக்காளர், தம் ஊர் மாவட்டத் தலைவரை இன்றுவரை வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது.