மாத்திரை கொண்டு வர்றவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன் பத்தி முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் பேச வந்தது டி.பி. நோயாளிகளைப் பார்த்துக்கிற சுகாதாரப் பணியாளர்களைப் பத்தி.

காசநோய் பாவத்தால வர்றதில்ல, பரம்பரையா வர்றதும் இல்ல. அது ஒரு கிருமி. ராபர்ட் காக் என்ற டாக்டர் 1882 மார்ச் 24-ல் அதை உலகத்துக்குச் சொன்னார். அதனாலதான் அந்தத் தேதியைக் காசநோய் தினமா வச்சிருக்காங்க. சாதாரண காசநோய்க்கு 6 மாசம் மாத்திரை. நடுவுல விட்டுட்டா கிருமி அந்த மருந்துக்குப் பழகிடும். அப்புறம் வழக்கமான மாத்திரை கேக்காது. அந்தப் பழகின கிருமி இருமல் வழியா அடுத்தவங்களுக்கும் பரவும்.

முன்னெல்லாம் இந்த வகைக்கு 2 வருஷம் வரைக்கும் மருந்து, பல மாசம் ஊசி. ஊசியால காது கேக்காம போனவங்களும் உண்டு. இப்ப நாலு மருந்து சேர்த்து 6 மாசத்துல முடியற சிகிச்சை வந்திருக்கு. 2024-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. ஆனா அந்த மருந்தும் லேசானது இல்ல. வாந்தி வரும், கை கால் மரத்துப் போகும். ரத்தம், இ.சி.ஜி. எல்லாம் அடிக்கடி பார்க்கணும். ஒரு நாள் விடாம சாப்பிட வைக்க, கூடவே நிக்கிற ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் பணியாளர்.

அவங்களை நாம எப்படி நடத்துறோம்? எங்க பக்கம் வர்ற ஒரு பணியாளர் தங்கச்சியோட வேலை என்னன்னு தெரிஞ்சதும், வீட்டுக்காரம்மா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஒரு வளைகாப்புல அவங்களை நலுங்கு வைக்கக் கூப்பிடல. நோயாளி வீட்லயே, "கார்டைக் கழட்டிட்டு இருட்டின பிறகு வாம்மா, தெருவுல பார்த்தா பொண்ணுக்குக் கல்யாணம் தடைபடும்"னு சொல்றாங்களாம். பக்கத்து வீட்ல விசாரிக்க ஆரம்பிச்சதும், ஒரு குடும்பம் கதவைப் பூட்டிட்டு மூணு நாள் வெளியூர் போயிடுச்சு. மூணு நாளும் மாத்திரை இல்ல. நாம அந்தத் தங்கச்சியை ஒதுக்கினதால, கெடுதல் போய்ச் சேர்ந்தது அந்த நோயாளிக்கு. நாளைக்கு அது நம்ம தெருவுக்கும்தான்.

2020 ஏப்ரல்ல சென்னையில டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால இறந்தார். அவர் உடம்பைக் கொண்டுபோன ஆம்புலன்ஸைக் கல்லால அடிச்சாங்க. பயம் வந்தா மனுஷன் எந்த அளவுக்குப் போவான்னு அன்னைக்குப் பார்த்தோம்.

பயத்துக்குப் பதில் விவரம்தான். காசநோய் இருமும்போது காத்துல பரவும். தட்டு, டம்ளர், துணியால பரவாது. நோயாளி பக்கத்துல நிக்கிறதால பணியாளருக்கு ஆபத்து உண்டு, அதுக்குத்தான் கெட்டியான மாஸ்க் போடுறாங்க. அந்த ஆபத்தை அவங்க ஏத்துக்கிறது நமக்காக. சேலையில ஒட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்குள்ள வர்ற நோய் இல்ல இது. 1956-ல் சென்னையில தொடங்கின காசநோய் ஆய்வு மையம், வீட்ல இருந்தே மருந்து சாப்பிட்டவங்களையும் ஆஸ்பத்திரியில தங்கினவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. குணமாகிறதுல பெரிய வித்தியாசம் இல்ல. வீட்ல இருந்தவங்க குடும்பத்துக்குக் கூடுதலா நோய் வரவும் இல்ல. மருந்து ஒழுங்கா போனா ஒதுக்கி வைக்க வேண்டியதில்லன்னு உலகத்துக்கே காட்டினது நம்ம சென்னைதான்.

அதனால ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்துல மூணு விஷயம் எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, பணியாளர் தெருவுக்கு வந்தா நாற்காலி போட்டு, நாம குடிக்கிற டம்ளர்லயே தண்ணி கொடுக்கணும். நாலு பேர் பார்க்கணும்.

ரெண்டு, மாசம் ஒரு கூட்டத்துல அவங்களுக்குப் பத்து நிமிஷம் பேச இடம் கொடுக்கணும். யாருக்கு நோய்னு மட்டும் அவங்ககிட்ட கேட்கக் கூடாது.

மூணு, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கிற உறுப்பினரைச் சளி பரிசோதனைக்கு அனுப்பணும். நம்ம கோரிமேட்டுலயே அரசு மார்பு நோய் மருத்துவமனை இருக்கு. நோயாளிக்குச் சத்துணவுக்காக மாசம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குல வரும். கணக்கு இல்லாதவங்களுக்குத் தொடங்கிக் கொடுக்க நம்மைவிட யாருக்குத் தெரியும்?

கடன் வாங்கினவங்க தவணை விடாம பார்த்துக்கிறோம். மாத்திரைக்கும் தவணை விடாம பார்த்துக்கிற ஒருத்தங்களை நம்ம வாசல்ல நிக்க வைக்காம உள்ளே கூப்பிடுவோம்.