மணலில் ஓடும் விரல்

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை 1789-இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார். ஒருநாள் வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பரப்பிய மணலில் பிள்ளைகள் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைத் தன் இல்லத்துக்கும் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்துக்குப் போன அவரது கற்பித்தல் முறையில் மணல் எழுத்தும் ஒரு பகுதி!

ரோமில் 1907-இல் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, குழந்தைகளைத் தடவிப் பார்க்கச் செய்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு பட்டு எது, பருத்தி எது என்று தொட்டே சொல்வது அங்கே பெரிய விளையாட்டு. 1939-இல் அவர் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க ஒரு தாம்பாளமும் இரண்டு கைப்பிடி ரவையும் போதும். ‘அ’வின் சுழியில் விரல் வளையும்போது ரவை இருபுறமும் ஒதுங்கும், தட்டை லேசாகக் குலுக்கினால் மறுபடி புதுப் பலகை. தப்பாக எழுதினாலும் அழிக்கும் பயமில்லை என்பதுதான் இதன் பெரிய வரம்.

குழந்தை மூன்று வயதுக்குக் கீழே என்றால், ரவைக்குப் பதில் பயறு, மணி என்று எதுவும் வேண்டாம். மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்வார்கள். பிசைந்த கோதுமை மாவு கொடுங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள்.