பெயர் தெரியாத கைகளுக்கு ஒரு பாட்டு



'தொடக்கப் பள்ளிச் சிறாரும் வரலாற்று நாட்டுப்பாடலும்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. ஆய்வுரை நிகழ்த்துவதைவிட, ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் நான் கற்ற பாடத்தைச் சொல்வதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

வாய்மொழியாகப் பிறக்கும் பாடலை எழுதக் கற்பிக்கலாமா எனச் சிலர் வினவுவர். கும்மியின் தாளம் குழந்தைகள் முன்பே அறிந்தது. நாம் கற்பிக்க வேண்டியது சந்தத்தை அன்று. யாரைப் பாடுவது என்பதையே. கட்டபொம்மனின் வீழ்ச்சியைக் கும்பினி அதிகாரிகள் ஒருவகையாக எழுதிவைத்தனர். நாட்டுப்புறப் பாடகர்கள் வேறுவகையாகப் பாடிவைத்தனர். அப்பாடல்களைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த பின்னரே கற்றோர் அவையில் அவற்றுக்கு உரிய இடம் கிட்டியது.

ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தைக் கதையாகச் சொன்னேன். 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்தனர். அவர்களுக்கு உணவோ உறைவிடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்து விலகிச் சென்றனர்.

இதனைக் கும்மியாக எழுதுமாறு கூறினேன். பலரும் தலைவரைப் பாடினர். அச்சிறுமி மட்டும், "கட்டினவங்க பேரு என்ன, டீச்சர்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அன்னம்மா என்று வைத்துக்கொள், மோனையும் அமையும்" என யோசனையும் கூறினேன். "அது பொய்யாப் போயிடுமே" என்றாள். மறுநாள் இரண்டு வரிகளோடு வந்தாள்:

சோத்தைக் கட்டித் தொங்கவிட்ட கை யாரு?
சொல்லாமலே திரும்பிப் போன கை யாரு?

முனைவர் பட்டம் பெற்ற நான் மோனைக்காக ஒரு பெயரைப் புனையத் துணிந்தேன். அக்குழந்தையோ அறியாமையை மறைக்காமல் அதனையே வினாவாக்கினாள். கதைப்பாடல்களிலும் கற்பனை உண்டே எனலாம், உண்டு. ஆயினும் வரலாற்றைப் பாடக் கற்கும் பிள்ளை, அறிந்தது எது, புனைந்தது எது என்னும் வேறுபாட்டை முதலில் உணர வேண்டும். நிகழ்ச்சியை ஆண்டோடும் ஊரோடும் சொல்லுங்கள். பாடப்பட வேண்டியவரைப் பிள்ளையே தேரட்டும். தெரியாத இடத்தில் கேள்வி நிற்கட்டும்.

அன்று மாலை பிள்ளைகள் வட்டமாக நின்று அதைப் பாடினர். "கை யாரு?" என்று ஒருத்தி கேட்குந்தோறும் வட்டத்தின் அத்தனை கைகளும் தட்டின. விடை அதுவாகவே எனக்குப் பட்டது.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு ஒருநாள் செல்லுங்கள். உங்கள் ஊரின் வரலாற்றைச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதுவதைத் திருத்துமுன் ஒருமுறை அவர்களைப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.