மாதவிடாய் நின்ற வயதைச் சொல்லுங்கள்



"குசினிக்குள்ள சும்மா வழுக்கினதுதான், மணிக்கட்டு முறிஞ்சு போச்சு." உடையார்கட்டுப் பக்கத்தில் ஐம்பது, அறுபது தாண்டிய அம்மாமார் இப்படிச் சொல்லும்போது, விழுந்ததைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். மாதவிடாய் எத்தனை வயதில் நின்றது என்றும் கேளுங்கள்.

குளக்கட்டில் மழை கரைத்த மண்ணை நாங்கள் வருடாவருடம் திரும்பப் போட்டு நிரப்புகிறோம். எலும்பிலும் அரிப்பும் நிரப்பலும் ஓயாமல் நடக்கின்றன. அரிக்கும் கலங்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன். மாதவிடாய் நிற்கும்போது அது வெகுவாகக் குறைகிறது. முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேய்கிறது.

அப்படியென்றால் அந்த ஹோர்மோனை மருந்தாகக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2002 ஜூலையில் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹோர்மோனும் சேர்த்து எடுத்தவர்களில், 10,000 பேருக்கு வருடத்தில் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும் பக்கவாதம் 8 பேருக்கும் கூடுதலாக வந்தது. இடுப்பெலும்பு முறிவோ 5 பேருக்குக் குறைந்தது. கெட்ட செய்தி மட்டும் உலகம் முழுக்கப் பரவியது. பயந்துபோய்ப் பலர் மருந்தை விட்டார்கள்.

ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது பின்னர் தெளிவானது. நாற்பத்தைந்துக்கு முன்னரே நின்றவர்களுக்கும், சூலகங்கள் இரண்டையும் எடுத்தவர்களுக்கும் கதையே வேறு. அவர்களின் எலும்பு பல வருடம் முந்தியே காவலை இழக்கிறது. தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதான ஐம்பது, ஐம்பத்தொன்று வரைக்குமாவது ஹோர்மோன் எடுக்கும்படி வைத்தியர்கள் சொல்வது வழக்கம்.

மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக்கூடாது. கர்ப்பப்பையில் புற்றுநோய் வரலாம். மருந்தை நிறுத்தினால் எலும்புக்குக் கிடைத்த பலனும் மெல்லக் குறையும். எழுபது வயது ஆச்சிக்கு எலும்புக்காக ஹோர்மோனைப் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். அவருக்கு அலெண்ட்ரோனேட் போன்ற குளிசை உண்டு: வாரம் ஒருமுறை, விடிய வெறுவயிற்றில், ஒரு கிளாஸ் தண்ணீரோடு. குடித்து அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது.

முப்பத்தைந்து தாண்டிய பெண்களுக்காக 1996 முதல் இலங்கையில் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. அங்கே பிரஷரும் சீனியும் பார்க்கும்போது மூன்று விசயத்தை நீங்களாகவே சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற வயது. கர்ப்பப்பை எடுத்தபோது சூலகத்தையும் எடுத்தார்களா என்பது. சின்ன விழுகையில் எலும்பு முறிந்ததா, அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா என்பது. இடப்பெயர்வில் ஆஸ்பத்திரித் துண்டுகள் தொலைந்திருந்தால், அப்போது பிள்ளைக்கு எத்தனை வயது என்று நினைத்துப் பார்த்தாவது கணக்குச் சொல்லுங்கள்.

முள்ளோடு நெத்தலி, தயிர், காலை வெயில், நடை எல்லாம் எல்லோருக்கும் நல்லது. ஆனால் நாற்பதிலேயே மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அவை மட்டும் போதாது. அவருக்கு ஹோர்மோன் வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்டே ஆகவேண்டும்.