உடன்செல்ல வேண்டியவை



திருப்பூர் மக்களுக்குப் பெட்டி கட்டும் முறையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்றுமதிக்குச் செல்லும் பனியன், லேபிலையும் விலையட்டையையும் உறையையும் உடன்கொண்டே செல்கிறது. கப்பல் ஏறிய பின்னர், "லேபில் இங்கே மேசைமேல் இருக்கிறது" என்பதால் பயனில்லை. கணினிச் செயலிக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை, என்னிடம் முன்பு பயின்ற இளைஞர் ஒருவர் வாயிலாக அறிந்தேன்.

அவர் ஒரு சிறிய பனியன் கம்பெனிக்கு வாரக் கூலிக் கணக்குச் செயலியொன்றைப் பைத்தான் மொழியில் எழுதினார். திரையை அமைக்க, 1995-இல் வெளிவந்த கியூட் என்னும் கருவித்தொகுப்பைக் கையாண்டார். பொத்தான்கள் யாவும் தமிழெழுத்து வரைந்த படங்கள். பைஇன்ஸ்டாலர் என்னும் கருவியால் அனைத்தையும் ஒரே கோப்பாக்கிப் பென்டிரைவில் கொண்டு சென்றார்.

அன்று சனிக்கிழமை மாலை. ஓவர்லாக் தைப்போரும் செக்கிங் செய்வோரும் கூலிக்குக் காத்திருந்தனர். செயலி திறந்தது; பொத்தான்களோ வெறுமையாக நின்றன. எதை அழுத்துவதென்று எவருக்கும் விளங்கவில்லை. பழைய நோட்டைக் கொண்டு கணக்கை முடிக்க இரவாயிற்று. கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பெண்களும் இருந்தனர்.

"ஐயா, என் வீட்டுக் கணினியில் நன்றாக ஓடியதே!" என்று வருந்தினார் அவர்.

"வீட்டில் படங்கள் எங்கே இருந்தன, தம்பி?" என்று கேட்டேன்.

"வேறொரு கோப்புறையில்..." என்றவர், தாமே நிறுத்திக்கொண்டார்.

செயலியினுள் இருந்தவை படங்கள் அல்ல, படங்களின் முகவரியே. பைஇன்ஸ்டாலர், நிரலில் இறக்குமதி செய்யப்பட்ட பகுதிகளைத் தேடிச் சேர்க்கும். படத்தின் முகவரியோ அதற்கு வெறும் எழுத்துத் தொடர். ஆகவே படத்தை விட்டுவிட்டது.

இதற்குக் கியூட்டிலேயே வழி உண்டு. படங்களின் பெயர்களை ஒரு பட்டியற் கோப்பில் எழுத வேண்டும். ஆர்.சி.சி. என்னும் கருவி அப்பட்டியலைப் படித்து, படங்களையே நிரலாக மாற்றித் தரும். அதை இறக்குமதி செய்துவிட்டால் படங்களும் செயலியின் உறுப்பாகிவிடும். பின்னர் அவற்றை முக்காற்புள்ளியும் சாய்கோடும் முன்னிட்ட முகவரியால் அழைக்கலாம். இளைஞர் அவ்வாறே செய்தார். அடுத்த சனிக்கிழமை கூலி பொழுதோடு கைக்கு வந்தது.

ஆயின் எல்லாவற்றையும் உள்ளே திணித்தலும் பிழையே. பீஸ் ரேட் அடிக்கடி மாறுவது. அதையும் உள்ளே பூட்டினால், ஒவ்வொரு மாற்றத்திற்கும் செயலியை மீண்டும் கட்ட வேண்டும். மாறாதது உள்ளே, மாறுவது வெளியே என்று பிரித்தறிவதே இத்தொழிலின் நுட்பம்.

மாணவர்களே, நீங்கள் செய்ததை உங்கள் கணினியில் மட்டும் சோதித்து மனநிறைவு அடையாதீர்கள். உங்கள் கோப்பு ஒன்றுகூட இல்லாத அயலார் கணினியில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் பிழைக்காகக் காத்து நிற்போர் வேறொருவராக இருக்கலாம்.