காவற்குடிலில் கிடக்கும் துவக்கு
(மன்னார் விவசாயத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்களை இரவெல்லாம் கண்விழித்துக் காப்பவர்கள் நீங்கள். யானையும் பன்றியும் வருமென்று முதலாளி தம் துவக்கை உங்கள் கையில் தருகிறார். விடிந்ததும் அது காவற்குடிலின் மூலையிலே கிடக்கிறது.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரமோ ஒருவர் பெயருக்கு வழங்கப்படுவது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. முதலாளியின் பத்திரம் உங்களைக் காக்குமென்று நம்பியிராதீர்கள். சோதனைக்கு வருவோர் குடிலிலே காண்பது அவரையன்று, உங்களை! 2009 வரை போர் நடந்த இம்மண்ணிலே, துவக்கோடு பிடிபடும் தமிழன்மீது எழும் ஐயம் எத்தகையதென்று நான் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே கேளுங்கள்: பத்திரம் யார் பெயரில்? இவ்வாண்டு புதுப்பிக்கப்பட்டதா? பூட்டிவைக்கப் பெட்டி எங்கே? விடை வரும்வரை துவக்கைத் தொடாதீர்கள். ஒருவர் மறுத்தால் வேலை போகும். ஊரே சேர்ந்து கேட்டால் பதில் வந்தே தீரும். யானை வேலி அமைப்பது அரசின் கடன், அதையும் கேட்போம். கூலிக்காரன் சிறைபுகுவது எந்தப் பயிருக்கும் வேலியாகாது!