சடைநாயின் இரு போர்வைகள்

தமிழகத்தை விட்டு வடக்கே வந்து குடியமர்ந்த நம்மிற் பலர், இராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய நாய்களைக் கண்டு பழகியவர்கள். அவற்றின் உரோமம் குட்டையானது, உடலோடு ஒட்டியது. ஈரத் துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் பணி முடிந்துவிடும். ஸ்பிட்ஸ் எனப்படும் சடைநாயை வளர்க்கத் தொடங்கும்போதுதான் அந்தப் பழக்கம் போதாதென்பது விளங்குகிறது.

டில்லியில் எங்கள் இல்லத்தில் ஒரு ஸ்பிட்ஸ் வளர்ந்தது. ஒரு மே மாதம் அனற்காற்று வீசியபோது, அது இரைப்பதைக் கண்டு இரக்கங்கொண்டு, உரோமம் முழுவதையும் மழித்துவிடச் செய்தோம். நன்மை செய்ததாகவே எண்ணினோம். சில நாட்களில் முதுகின் தோல் வெயில் பட்டுச் சிவந்தது. ஓராண்டு கழிந்த பின்னும் உரோமம் திட்டுத் திட்டாகவே வளர்ந்தது. அன்பினாற் செய்த பிழை அது. நேயர்கள் அதனைச் செய்யாதிருத்தல் வேண்டும்.

இவ்வகை நாய்க்கு இயற்கை இரண்டு போர்வைகளை அளித்திருக்கிறது. மேலே நீண்டு சற்று முரடாக இருப்பது, நீரையும் அழுக்கையும் வெயிலையும் தடுக்கிறது. அதன் அடியில் பஞ்சுபோல் அடர்ந்திருப்பது குளிரைத் தடுக்கிறது. மனிதரைப்போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை; பாதங்களிற் சிறிது வியர்க்கும். பெரும்பாலும் வாய் திறந்து இரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே, மழிப்பதால் நாம் கருதும் குளிர்ச்சி கிட்டுவதில்லை. நிழலாய் நின்ற மேற்போர்வையே பறிபோகிறது. உதிர்ந்தும் வெளியேறாமற் சிக்கிக் கிடக்கும் உள் உரோமமே காற்றோட்டத்தைத் தடுக்கிறது. அதனை நீக்கக் கத்தி வேண்டுவதில்லை, சீப்புப் போதும்.

கம்பிப் பற்களுள்ள பிரஷ் ஒன்று, பல் அகன்ற உலோகச் சீப்பு ஒன்று, இவை இரண்டும் இருந்தாற் போதும். வாரத்தில் இரண்டு மூன்று முறையும், குளிர்காலம் கழிந்து உரோமம் உதிரும் நாட்களில் நாள்தோறும் வாருதல் நலம். ஒரு கையால் உரோமத்தை உயர்த்திப் பிடித்து, தோல் தெரியுமாறு வகிடெடுத்து, வகிடு வகிடாக மெல்ல வார வேண்டும். மேலோட்டமாக வாரினால் மேற்புறம் மட்டுமே பளபளக்கும். அடியிற் சிக்கு இறுகிவிடும். காதுகளின் பின்புறம், முன்னங்கால்களின் இடுக்கு, தொடையின் பின்புறம் ஆகிய இடங்களிற் சிக்கு மிகுதி. அதனை விரல்களாற் பிரித்தல் வேண்டும். கத்தரிக்கோல் வைத்தால், சிக்கோடு தோலும் வெட்டுப்படக்கூடும்.

குளிப்பாட்டுவதற்கு முன்பே வாரிவிடுதல் முறை. நனைந்த சிக்கு மேலும் இறுகும். நாம் தேய்த்துக் குளிக்கும் சோப்பு ஆகாது. நாய்களுக்கென விற்கும் ஷாம்புவே ஏற்றது. குளித்தபின் அடி உரோமம் வரை உலர்த்த வேண்டும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் இதில் அசட்டை கூடாது. ஈரம் தங்கினால் தோலிற் புண் உண்டாகும்.

வாரும் வேளையே சோதிக்கும் வேளையுமாகும். உண்ணி, தடிப்பு, புண் ஆகியவை அடர்ந்த சடைக்குள் கண்ணுக்குப் புலப்படா, விரல்களுக்கே புலப்படும். உண்ணி பரப்பும் காய்ச்சல் உயிருக்கே தீங்காகலாம். உண்ணி கண்டால் கால்நடை மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

கோடையில் நிழலும், தண்ணீரும், விடியற்காலை நடையும் அளிப்போம். சடையை அதனிடமே விட்டுவைப்போம்.